நாற்காலிக் கடையும் நாத்தனாரின் கம்பெனியும்

எங்கள் கடையில் விலைப்பட்டியல் என்று ஒன்று இருந்ததே இல்லை. கேரள எல்லையோரம் வடகரப்பதிப் பக்கம் யார் வீட்டில் என்ன நடந்தாலும் பந்தல், நாற்காலி, அண்டா, வாளி, கரண்டி எல்லாம் எங்களிடமிருந்துதான் போகும். மாமனார் ஆரம்பித்த வாடகைக் கடை. அவர் காலத்துக்குப் பிறகு வீட்டுக்காரரும் நானும் நடத்துகிறோம். கல்யாணத்துக்கு நாள் குறித்த கையோடு வெற்றிலை பாக்குடன் வந்து உட்காருவார்கள். எத்தனை பந்தி, சமையலுக்கு யார், மழை வந்தால் என்ன செய்வது என்று ஒரு மணி நேரம் பேசுவோம். வாடகை எவ்வளவு என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். எழுந்து செருப்பை மாட்டும்போது, "பாத்துப் போட்டுக்கலாமுங்க" என்பார்கள். "அதுக்கென்னங்க" என்போம். ஒப்பந்தம் முடிந்தது.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். கோயமுத்தூரில் பி.காம் படித்தவள் நான். செலவு, வரவு, தேய்மானம் என்று பக்கம் பக்கமாக எழுதிப் பாஸானவள். இவர்கள் பார்த்துப் போட்டுக்கொள்ளும் அழகைப் பார்த்தால் கடை அடுத்த ஆடிக்குத் தாங்காது என்று நினைத்தேன். கடை தாங்கியது. சில வருஷத்தில் நானே கல்லாவில் உட்கார்ந்துகொண்டு "அதுக்கென்னங்க" என்று ராகம் போட ஆரம்பித்துவிட்டேன்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த கடைக்குள்தான் என் நாத்தனார் தன் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தாள். பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தவள். ஒரு நாள் சாயங்காலம் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினாள். லீவா என்று கேட்டேன்.

"லீவு இல்லீங்கண்ணி. வேலைய உட்டுப்போட்டு வந்துட்டேன். ஸ்டார்ட்-அப் ஆரம்பிக்கப் போறேன்."

என் வீட்டுக்காரர் கையிலிருந்த தோசைத் துண்டு தட்டிலேயே விழுந்தது. அவருக்குத் தொழில் என்றால் கடை, கடை என்றால் ஷட்டர். ஷட்டர் இல்லாத தொழிலை அவர் பார்த்ததில்லை.

அவள் சொன்ன விஷயம் என்னவோ நியாயமாகத்தான் இருந்தது. முகூர்த்த நாளில் எங்களுக்கு நாற்காலி பற்றாது. அதே நாளில் பத்து மைல் தள்ளி இன்னொரு கடையில் நாற்காலி அடுக்கிக் கிடக்கும். அது எங்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் போட்டிக் கடை என்று கேட்கமாட்டோம். கேரளத்துப் பக்கமும் தமிழ்நாட்டுப் பக்கமும் இருக்கிற இந்த மாதிரிக் கடைகளையெல்லாம் ஒரே ஆப்பில் சேர்த்துவிட்டால், விசேஷம் வைத்திருப்பவர்கள் போனில் தட்டினால் போதும், எந்தக் கடையில் சரக்கு இருக்கிறதோ அங்கிருந்து வண்டி கிளம்பும். முதலில் இந்தப் பக்கம், பிறகு அட்டப்பாடி, அப்புறம் மூணாறு, அதன் பக்கத்துப் பள்ளிவாசல் ஊர் வரைக்கும் என்று கையை வீசினாள். பஞ்சாயத்து ஆபீஸில் அவளை மலையாளத்தில் 'சம்ரம்பக', அதாவது தொழில்முனைவோர் என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். ஊரில் 'ஆப்புக்காரப் புள்ள' என்று பேர் வந்தது.

ஒரு வளர்பிறை வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் கடையிலேயே தொடக்கம். பிள்ளையார் படத்துக்கு முன்னால் லேப்டாப்பை வைத்து, அதன் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்தோம். பெங்களூரிலிருந்து அவளோடு வேலை செய்யும் இரண்டு பையன்கள் வந்திருந்தார்கள். எந்தெந்த விசேஷத்துக்கு ஆப்பில் புக் செய்யலாம் என்று அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். கல்யாணம், சீர், காதுகுத்து, கோயில் நோம்பி, கட்சிக் கூட்டம், ஓணக் கொண்டாட்டம், வீட்டு விசேஷம். படித்துவிட்டு, "அப்பறம் இன்னொன்னு இருக்குதுங்கண்ணா..." என்று இழுத்தாள்.

அது என்னவென்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எங்கள் கடைக்கு ஆடியிலும் மார்கழியிலும் சோறு போடுவதே அதுதான். முகூர்த்தம் இல்லாத மாசத்திலும் மனிதர்கள் சாகிறார்கள்.

"அம்மிணி, நல்ல நாளும் அதுவுமா அந்தப் பேச்சு எதுக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"அதெல்லாம் எப்பவும் போல எங்க போனுக்கே வரும் கண்ணு" என்றேன் நான்.

"சரி, பொறவு சேத்திக்கலாம்" என்று சொல்லி அவள் தேங்காயை உடைத்தாள். அந்தச் சொல்லைப் பூஜையன்று வாயால் சொல்ல எங்கள் ஒருவருக்கும் தைரியமில்லை. பிறகு சேர்த்துக்கொள்ள யாருக்கும் ஞாபகமும் வரவில்லை.

அடுத்த சில மாதங்கள் எனக்கு நல்ல பொழுதுபோக்கு. பழைய கடையும் புதுக் கம்பெனியும் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்தின. எங்களுக்குக் கடை வளர்ந்தது என்றால் ஆடித் தள்ளுபடியில் புதிதாகக் கொஞ்சம் நாற்காலி வாங்கினோம் என்று அர்த்தம். அவளுக்கு வாரா வாரம் வளர வேண்டும், அதுவும் கோடு மேலே ஏறுகிற மாதிரி படத்தில் தெரிய வேண்டும். நாங்கள் வருகிறவரை யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்போம். அவள் எந்த இடத்தில் தட்டத் தெரியாமல் நின்றார் என்று கேட்பாள். எங்களுக்கு வருபவர் ஒறம்பரை, வீட்டு விருந்தாளி, அவளுக்கு யூசர். ஒரு புக்கிங் வந்தால் அதில் அவளுக்குக் கையைக் கடிக்கும், ஆனாலும் புக்கிங் கூடிவிட்டது என்று ஒரு நாள் கேக் வாங்கி வந்தாள்.

"நட்டத்துக்கு யாராச்சும் கேக் வெட்டுவாங்களா?" என்று வீட்டுக்காரர் என் காதில் கேட்டார். கேட்டுவிட்டு இரண்டு துண்டு சாப்பிட்டார்.

ஆனாலும் கடைகள் சேர்ந்தன. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், பாலக்காட்டுச் சித்தூர், அந்தப் பக்கம் பொள்ளாச்சி ரோடு, அட்டப்பாடி மலையில் ஒன்றிரண்டு என்று பத்துப் பன்னிரண்டு கடைகள். ஜென்மத்துக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள் நாற்காலி மாற்றிக்கொண்டார்கள். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. அதை அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் ஐந்து நட்சத்திரம் கேட்பாள்.

அந்த நட்சத்திரத்தில்தான் வினை வந்தது.

அதற்கு முன்னால், எழவு வீட்டுக்கு எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். தகவல் வந்ததும் வண்டி கிளம்பிவிடும். எத்தனை நாற்காலி என்று கேட்கமாட்டோம், இருக்கிறதை ஏற்றிக்கொண்டு போவோம். உடலை எடுத்ததும் எங்கள் ஆட்கள் நாற்காலியைச் சத்தமில்லாமல் மடித்து ஏற்றிவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிடுவார்கள். எழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போயிட்டு வர்றோம்' என்று யாரும் சொல்வதில்லை. அந்த வாசலுக்கு அதே காரியமாக மறுபடி வருவது என்றால் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாடகையை நாங்கள் கேட்கமாட்டோம். கருமாதி முடிந்து அவர்களாகவே வருவார்கள்.

பக்கத்து ஊரில் ஒரு பெரிய தோப்புக்காரர் இறந்துபோனார். மாமனார் காலத்திலிருந்து அந்த வீட்டின் எல்லா நல்லது கெட்டதுக்கும் எங்கள் நாற்காலிதான். அன்றைக்கென்று பார்த்து நாங்கள் இரண்டு பேரும் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்தில் இருந்தோம். மேளச் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. அந்த வீட்டில் யாரோ விவரம் தெரிந்தவர் ஆப்பில் தட்டியிருக்கிறார். எழவு என்று தேடினால் இல்லை. 'வீட்டு விசேஷம்' என்பதைத் தட்டிவிட்டார். என் நாத்தனாரே ஓடிப்போய் ஆட்களோடு நின்று நாற்காலி, சாமியானா, ஃப்ரீசர் பெட்டி எல்லாம் ஏற்றி அனுப்பினாள். ஒரு குறையும் இல்லை.

மறுநாள் சரக்கு திரும்பி வந்ததும், ஆப் தானாகவே அந்த வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பியது. 'உங்கள் வீட்டு விசேஷம் இனிதே நிறைவுற்றதில் மகிழ்ச்சி! எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் தாருங்கள். உங்கள் அடுத்த விசேஷத்துக்குச் சிறப்புத் தள்ளுபடி உண்டு. விரைவில் மீண்டும் சந்திப்போம்!' கடைசியில் சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்று.

மத்தியானத்துக்குள் அது வேலந்தாவளம் சந்தை முதல் பொள்ளாச்சி வரை எல்லார் போனிலும் போய்விட்டது. என் பெரிய மாமியார் கூப்பிட்டு, "ஏம்புள்ள, அடுத்தது யாருன்னு கேக்கறீங்களாமா?" என்றார். எனக்கு அந்த நேரத்திலும் அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் உடம்பெல்லாம் கூசியது. இரண்டு தலைமுறையாக வாயைத் திறக்காமல் வண்டி ஏற்றிய கடை, ஒரே நாளில் இப்படியா பேச வேண்டும்?

"உன்ற ஆப்புக்குப் புத்தின்னு ஒன்னு கெடையாதா?" என்று அவள் மேல் பாய்ந்தேன்.

"அதுக்கு ஏதுங்கண்ணி புத்தி? நாந்தான் எழுதினேன். கண்ணாலத்த நெனச்சு எழுதினேன்."

வீட்டுக்காரர் பழைய வழியைச் சொன்னார். கொஞ்ச நாள் அந்தப் பக்கமே தலைகாட்ட வேண்டாம். பிறகு இரண்டு வீட்டுக்கும் வேண்டிய ஒருவரை விட்டுப் பேசிக்கொள்ளலாம். எங்கள் கடையில் தப்பு நடந்தால் அதுதான் வைத்தியம். மாமனார் காலத்தில் ஒரு கல்யாணத்துக்கு விரிசல் விட்ட அண்டா போய், பாயசம் பாதி தரையில் ஓடியதாம். அந்த வீட்டோடு மறுபடி பேச ஏழெட்டு வருஷம் ஆயிற்று. அதுவும் ஒரு நோம்பியில் யாரோ பிடித்துத் தள்ளியதால்தான் பேசினார்கள்.

"ஏழெட்டு வருசமா?" என்றாள் நாத்தனார். "எனக்கு ஏழெட்டு நாளே இல்லீங்கண்ணா. இன்னொரு ஊட்டுக்கு இதே செய்தி போயிருச்சுன்னா?" மறுநாள் காலையில் அவளாகவே அந்த வீட்டுக்குக் கிளம்பினாள். தனியாக விட மனசில்லாமல் நானும் வண்டியில் ஏறினேன். வழியெல்லாம் வேண்டாம் கண்ணு, திரும்பிவிடலாம் என்று சொல்லிக்கொண்டேதான் போனேன்.

வாசலில் ஆண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மகன் மொட்டைத் தலையோடு தூணில் சாய்ந்திருந்தார். பெண்கள் உள்ளே இருந்தார்கள். நாத்தனார் நின்றபடியே சொன்னாள்.

"அந்தச் செய்திய எழுதினது நாந்தானுங்க. தப்புப் பண்ணிப்போட்டேன். இனி எந்த ஊட்டுக்கும் அப்படிப் போகக் கூடாதுங்க. உங்களுக்கு என்ன வந்திருந்தா மனசு நோகாம இருந்திருக்கும்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேனுங்க."

பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. எழவு விழுந்த வீட்டில் வந்து கருத்துக் கேட்கிறாளே! ஆனால் ஒரு விநோதம் நடந்தது. பங்காளி ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆழ்ந்த இரங்கல்னு போட்டிருக்கலாமுல்ல?" என்றார். உள்ளேயிருந்து மகள் குரல் வந்தது. "நாக்காலிக்காரரு எரங்கி என்ன ஆகோணும்? கணக்க மட்டும் அனுப்பிச்சா போதும்." "இப்ப எதுக்குப் புள்ள கணக்கு, அதென்ன ஓடியா போகுது?" என்றார் இன்னொருவர். அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் ஆகிவிட்டது. அத்தனை பேரும் உண்மையாகவே யோசித்தார்கள்.

மகன் கடைசியாகத்தான் வாயைத் திறந்தார். "ஒன்னுமே வர வேண்டாம் அம்மிணி. ஊட்டு நெம்பருன்னு எங்கப்பன் நெம்பரத்தான் குடுத்திருக்காங்க. அது அவரு போனுலதான் வந்துச்சு. இன்னும் அவரு சட்டப் பையிலயே கெடந்துச்சு. சத்தம் கேட்டதும் ஒரு நிமிசம், அப்பனைத்தான் யாரோ கூப்படறாங்கன்னு எந்திரிச்சுப் போனேன்."

நாத்தனார் அழுதுவிட்டாள். நானும்தான். அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாங்கள் முறைப்படி சொல்லிக்கொள்ளாமலே கிளம்பி வந்தோம்.

அன்று சாயங்காலத்துக்குள் அவள் ஆப்பை மாற்றிவிட்டாள். எங்கள் கடை ஷட்டரின் கைப்பிடி கழன்று நான் வந்த நாளிலிருந்து அப்படியேதான் இருக்கிறது. ஒரு தப்பைக் காலையில் ஒத்துக்கொண்டு சாயங்காலம் திருத்த முடியும் என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். புதிதாக ஒரு பக்கம். மேலே 'எழவு' என்றே போட்டிருந்தாள். தட்டினால் வீடு எங்கே என்று மட்டும் கேட்கும். விலை தெரியாது, எண்ணிக்கை கேட்காது. முடிந்த பிறகு எந்தச் செய்தியும் போகாது, நட்சத்திரமும் கிடையாது.

கொச்சியிலிருந்து அவளுக்கு ஆலோசனை சொல்கிறவர் ஒருவர் வீடியோவில் பேசினார். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வருமானமும் காட்டாமல், வாடிக்கையாளர் என்ன நினைக்கிறார் என்றும் கேட்காமல் ஒரு பக்கத்தை எதற்காகச் செய்தாய் என்று அவர் கேட்டார். "தெரியல சார். ஆனா இது வேணும் சார்" என்றாள்.

ஆனால் கடைக்காரர்கள் அவ்வளவு சீக்கிரம் சமாதானம் ஆகவில்லை. கொழிஞ்சாம்பாறைக் கடைக்காரருக்கு எங்கள் தொழிலில் எல்லாரையும்விடக் குரல் பெரிது. சம்பாதித்த பேரெல்லாம் ஒரு மஞ்சள் முகத்தில் போய்விடும், நான் விலகிக்கொள்கிறேன் என்றார். அவர் விலகினால் மற்றவர்களும் விலகுவார்கள். அமாவாசை கழிந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடையில் எல்லாரும் கூடிப் பேசி முடிப்பது என்று ஆயிற்று. கடைகள் போய்விட்டால் அவளிடம் மிச்சம் இருப்பது ஒரு லேப்டாப்பும் இரண்டு பையன்களும்தான். கம்பெனியை மூடிவிட்டுப் பெங்களூருக்குத் திரும்ப வேண்டியதுதான். பழைய ஆபீஸுக்கு அவள் மெயில் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்ததை நான் பார்த்தேன். அவள் போய்விடக் கூடாது என்றிருந்தது எனக்கு. ஆனால் கூட்டத்தில் அவள் பக்கம் நின்று பேச எனக்கு என்ன நியாயம் இருக்கிறது என்றும் தெரியவில்லை. எங்கள் கடையின் பேரும்தானே கெட்டது?

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் என் அப்பா இறந்துபோனார்.

என் பிறந்த வீடு அட்டப்பாடி மலையில் அகளி. கோயமுத்தூர்ப் பக்கமிருந்து அந்த மலைக்கு விவசாயத்துக்குப் போன குடும்பம். அப்பாவும் என் தம்பியும் மட்டும் அங்கே இருந்தார்கள். தம்பி மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று தம்பி போனில் சொன்னான்.

கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக நாங்கள் தமிழ்நாட்டைத் தாண்ட வேண்டும். கோயமுத்தூர் வழியாக ஆனைகட்டி ஏறினோம். வழியெல்லாம் என் புத்தி போன போக்கைச் சொன்னால் சிரிப்பீர்கள். அப்பா முகம் நினைவுக்கு வரவில்லை. வாசலில் நாற்காலி யார் போடுவார்கள் என்ற நினைப்பே ஓடியது. கீழ்நாட்டிலிருந்து சொந்தம் எல்லாம் வந்து வெயிலில் நிற்குமே. தம்பி தனியாள். எங்கள் வண்டி இங்கிருந்து ஏறிப் போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிடும். அப்பன் செத்துக் கிடக்கிறார், இவளுக்கு நாற்காலிக் கவலை என்று என்னை நானே திட்டிக்கொண்டு அழுதேன். தம்பி போனை எடுக்கவே இல்லை.

வீட்டு முக்கில் வண்டி திரும்பியதும் நீல சாமியானா தெரிந்தது. வாசல் முழுக்க நிழல். நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன, சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு டிரம்மில் குடிதண்ணீர். உள்ளே அப்பா ஃப்ரீசர் பெட்டிக்குள் தூங்குகிற மாதிரி படுத்திருந்தார். அவரைப் பார்த்து அழுது முடித்து, வெளியே வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். அதன் முதுகில் எனக்குத் தெரியாத ஒரு கடையின் எழுத்து பெயிண்டில் எழுதியிருந்தது. இத்தனை வருஷம் எத்தனையோ எழவு வீடுகளுக்கு நாற்காலி அனுப்பியவள், அன்றைக்குத்தான் அதில் உட்கார்ந்து பார்க்கிறேன். உட்கார ஓர் இடம் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சாயங்காலம் எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. கடைக்காரர் தன் ஆட்களோடு நாற்காலிகளை மடித்து அடுக்கினார். நடு வயசுக்காரர், மலையாளியா தமிழரா என்றுகூடத் தெரியவில்லை, வாயே திறக்கவில்லையே. என் வரிசைக்கு வந்ததும் ஒரு நிமிஷம் நின்றார். என் நாற்காலியையும் பக்கத்தில் இரண்டையும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஏற்றினார். வண்டி போய்விட்டது.

"அவரு யாருடா?" என்று தம்பியிடம் கேட்டேன்.

"தெரியாதுக்கா. இங்க வழக்கமாப் போடறவரு ஊர்ல இல்ல. உன்ற நாத்தனாரு ஆப்பு போனுல இருந்துச்சு, அமுத்துனேன். எத்தன பேரு வருவாங்கன்னு கேட்டிருந்தா அங்கயே ஒடஞ்சிருப்பேன். ஊடு எங்கன்னு மட்டுந்தான் கேட்டுச்சு. அழுது முடிக்கறதுக்குள்ள வண்டி வந்துருச்சு."

அன்றும் மறுநாளும் அவன் போனை நான் அடிக்கடி எடுத்துப் பார்த்தேன். நாத்தனாரின் கம்பெனியிலிருந்து ஒரு எழுத்துகூட வரவில்லை. அவளும் எங்கள் பின்னாலேயே வந்து அங்கேதான் இருந்தாள், சமையல்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் போய் நின்று கழுவியதைத் துடைத்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நான் வர வேண்டியதில்லை என்று வீட்டுக்காரர் சொன்னார். வந்தேன். கடைக்குள் எங்கள் நாற்காலிகளையே வட்டமாகப் போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கொழிஞ்சாம்பாறைக்காரர்தான் ஆரம்பித்தார்.

"அம்மிணி, உன்ற மேல எனக்குக் கோவமில்ல. நீ படிச்ச புள்ள, எங்க போனாலும் பொழச்சுக்குவ. நாங்க இதே ஊர்ல இருக்கோணும். எழவூட்டுக்குன்னு தனியா ஒரு பக்கம் போட்டிருக்கியாமா. அதுல உனக்கும் ஒன்னும் நிக்காது, எங்களுக்கும் ஒன்னும் நிக்காது. அப்பறம் அது எதுக்கு?"

நாத்தனார் லேப்டாப்பைத் திருப்பி, கோடு ஏறுகிற படத்தைக் காட்டப் போனாள். எனக்குத் தெரியும், அந்தப் படத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். நான் குறுக்கே புகுந்தேன். அகளியில் நடந்ததைச் சொன்னேன். நீல சாமியானா, குடிதண்ணீர் டிரம், அவர் விட்டுவிட்டுப் போன மூன்று நாற்காலி, ஒன்றும் வராத போன். "ஒரு பேச்சுப் பேசாம நாக்காலி போட்டுட்டு வர்றதுதானுங்க நம்ம கடைக்கெல்லாம் பேரு. அந்தப் பேரு மலை மேல எங்க ஊட்டுக்கு எனக்கு முன்னாடி போயிருந்துச்சுங்க. இவ அனுப்பிச்சா. இவள மூடச் சொன்னீங்கன்னா நான் ஒத்துக்கமாட்டேன்" என்று முடித்தேன். அத்தனை ஆண்களுக்கு நடுவில் நான் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் தலையை ஆட்டினார்.

கொழிஞ்சாம்பாறைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கடைக்காரரு உங்களுக்குச் சொந்தமுங்களா?"

"இல்லீங்க."

"முன்னப் பின்னப் பழக்கம்?"

"இல்லீங்க. பேருகூடத் தெரியாது."

"நீங்க யாரு, என்ன கடை வெச்சிருக்கீங்கன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து நாத்தனாரிடம் நீட்டினார்.

"என்ற நெம்பர அந்த எழவுப் பக்கத்துல மொதல்ல போடு அம்மிணி. கண்ணாலப் பக்கத்த அப்பறமேலு பாத்துக்கலாம்."

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, லேப்டாப்பை என் பக்கம் திருப்பி நான்தான் தட்டினேன்.